ஐம்பது வயதில் அம்மாவுக்கு டிமென்ஷியா: கையெழுத்து, குரல், குளியல்

நினைவும் சிந்தனையும் குணமும் மெல்லச் சிதையும் மூளை நோய்தான் டிமென்ஷியா. அறுபத்தைந்து வயதுக்கு முன் தொடங்கும் டிமென்ஷியாவை மருத்துவர்கள் தனியாகப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயது அம்மா என்றால் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், அல்லது வீட்டு வரவுசெலவு முழுக்க அவர் தலையில் இருக்கும். ஒரு பிள்ளை கல்லூரியில், இன்னொன்று பிளஸ் டூவில். வீட்டுக் கடன் முடிந்திருக்காது. பாட்டியும் அதே வீட்டில் இருக்கலாம். உடம்பில் தெம்பு குறையாததால் வாசலைத் தாண்டினால் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடுவார். எண்பது வயதுத் தாத்தாவைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

அரசின் ஏற்பாடுகளும் பெரும்பாலும் வயதைப் பார்த்தே தொடங்குகின்றன. இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் வெளியான கணக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணியது. முதியோருக்கான 14567 உதவி எண்ணும் அறுபதிலிருந்துதான். ஐம்பத்திரண்டு வயது அம்மாவின் குடும்பம் அழைக்க வேண்டியது 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இந்தக் குறிப்பில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அம்மாவை நினைவில் வைக்கும் வேலையை அவர் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. நோய் இன்னதென்று தெரிந்த மாதத்திலேயே தொடங்க வேண்டும். அப்போது சேர்த்துவைக்கும் பாட்டு, பேச்சு, பழக்கம், பிடித்தது, பிடிக்காதது எல்லாம்தான் சில வருடம் கழித்து அவரைக் குளிப்பாட்டவும் சாப்பிட வைக்கவும் தூங்க வைக்கவும் கைகொடுக்கும்.

மறதியில்தான் தொடங்கும் என்று இல்லை

அல்சைமர் நோயில் மூளையின் பின்பகுதியை முதலில் தாக்கும் ஒரு வகை உண்டு. கண்ணில் குறை இருக்காது. ஆனால் எதிரில் உள்ள டம்ளரை எடுக்கப் போன கை பக்கத்தில் தடவும். செய்தித்தாளில் அடுத்த வரி எங்கே என்று தெரியாது. படி இறங்கும்போது ஆழம் புரியாது. ஜாக்கெட்டில் கை எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று திணறுவார். வீட்டார் கண் மருத்துவரிடம் போய்த் திரும்பத் திரும்பக் கண்ணாடி மாற்றுவார்கள். இன்னொரு வகை, மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்கும் ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா. இதில் தேதி, முகவரி, பேரப்பிள்ளை பெயர் எல்லாம் ஆரம்பத்தில் சரியாக இருக்கும். குணம்தான் மாறும். சாவு வீட்டில் சிரிப்பார். இனிப்பை எடுத்தால் டப்பா காலியாகும் வரை நிறுத்த மாட்டார். மகள் அழுதாலும் கண்டுகொள்ள மாட்டார். இதை மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோளாறு என்றோ, மாமியார் மருமகள் சண்டை என்றோ, சாமி குற்றம் என்றோ எடுத்துக்கொண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன.

அல்சைமர் நோய் முதன்முதலில் எழுதிவைக்கப்பட்டதே இளவயதுக்காரர் ஒருவரிடம்தான். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டெட்டருக்கு வயது 51. அவரிடம் முதலில் தெரிந்தது கணவர் மீது சந்தேகம். மறதி பின்னால் வந்தது. அவரைப் பரிசோதித்த அலாய்ஸ் அல்சைமர், 1906 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதே வருடம் நவம்பரில் டூபிங்கனில் அறிவித்தார். ஐம்பது வயதில் ஒரு பெண் திடீரென்று கணவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் பஞ்சாயத்து வைப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி கிடையாது.

மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். கடந்த ஒரு வருடத்தில் என்ன மாறியது என்பதை மாதம் போட்டு எழுதுங்கள். "ரொம்ப மறக்கிறாங்க" என்று எழுதினால் பயனில்லை. "இருபது வருடமாகச் செய்யும் வத்தக்குழம்பில் புளி விட மறந்தார், இரண்டு முறை" என்று எழுதுங்கள். அம்மா எதிரில் அதை வாசிக்காதீர்கள். நர்ஸிடம் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். தைராய்டு, பி12, ரத்த எண்ணிக்கை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அவசியம். கடைசி இரண்டு ரத்தப் பரிசோதனைகளுக்கும் குடும்பத்தார் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்க வேண்டாம், எல்லாருக்கும் பார்ப்பது நல்லது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மன அழுத்தம், தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்த ரத்தம், மூளையில் நீர் தேங்குவது ஆகியவற்றுக்கு மருத்துவம் உண்டு. இவற்றை விலக்காமல் டிமென்ஷியா என்று முத்திரை குத்தவிடாதீர்கள். முழுச் சைவம் சாப்பிடும் வீடுகளிலும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவர்களிடமும் பி12 குறைவு அடிக்கடி காணப்படுவது.

அவர் மட்டுமே செய்ய முடிந்தவை

நோய் உறுதியானதும் எல்லாரும் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள். அதைவிட அவசரமானது கையெழுத்து. புரிந்து சம்மதிக்கும் திறன் இருக்கும்போது போட்ட கையெழுத்துதான் செல்லும்.

பலர் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும். அதாவது, எப்போது தேவையோ அப்போது அது உதவாது. அதன் பிறகு அவர் பெயரில் உள்ள மனையை விற்றுச் சிகிச்சை செய்ய வேண்டுமென்றால் நீதிமன்றம் போய், காப்பாளராக நியமனம் பெற்று வர வேண்டியிருக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே செய்ய வேண்டியவை: வங்கிக் கணக்குகளை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுவது, லாக்கரையும் அப்படியே, வாரிசு நியமனங்களைச் சரிபார்ப்பது, உயில் எழுதுவது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் இந்த நோயில் பதிவு செய்துவிடுவதே நல்லது. அதே தேதியில் மருத்துவர் ஒருவர் அவருக்குத் தெளிவு இருக்கிறது என்று சான்று தருவது இன்னும் நல்லது. நாளைக்கு எந்தச் சித்தப்பா மகனும் எளிதில் கேள்வி கேட்க முடியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இரண்டு உரிமைகளைத் தருகிறது. எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஒன்று. எனக்காகப் பேச இவர் என்று ஒருவரை நியமிப்பது இன்னொன்று. உயிர்காக்கும் கருவிகள் பற்றிய விருப்பத்தை எழுதும் முறையை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும்.

அம்மா அரசுப் பள்ளி ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். வேலையில் தவறுகள் கூடும்போது "கௌரவமா ராஜினாமா பண்ணிடுங்க" என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆன ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் முடியாதென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். இதற்குச் சான்றிதழ் தேவை. டிமென்ஷியாவுக்கு அச்சட்டத்தில் தனித் தலைப்பு இல்லை. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு மனநோய்ப் பிரிவின் அளவுகோலில் மதிப்பிடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் சலுகைகள் பொருந்தும். ராஜினாமா கடிதம் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பை மீட்பது மிகக் கடினம்.

பத்திரமும் வங்கியும் கணவருக்குத் தெரிந்திருக்கலாம். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும்: மகளிர் சுய உதவிக் குழுக் கடன், ஏலச்சீட்டு, நகைக்கடன் ரசீது, பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது. ஒரு நோட்டை எடுத்து, காபி குடிக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வாங்குங்கள். கூடவே போனில் பணம் அனுப்பும் வசதியின் தினசரி உச்சவரம்பை மிகக் குறைவாக வைத்து, வங்கிக் குறுஞ்செய்தி வேறொருவர் போனுக்கு வரும்படி மாற்றுங்கள். ஓ.டி.பி. கேட்டு வரும் மோசடி அழைப்புகள் இவர்களைத்தான் முதலில் சாய்க்கின்றன. ஸ்கூட்டியையும் அப்போதே நிறுத்திவிட வேண்டும். சாவியை ஒளித்துவைத்து நாடகம் போடுவதைவிட "டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டார்" என்று அவர் மேல் பழியைப் போடுவது மரியாதையானது. பெரும்பாலான மருத்துவர்கள் மனமுவந்து அதை ஏற்றுக்கொள்வார்கள்.

குரலைச் சேர்ப்பது

முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். "அம்மா, நீ பேசறதைப் பிடிச்சு வெச்சுக்கலாமா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். எதை யாருக்குக் காட்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தடுமாறும் நாட்களில் எடுத்த வீடியோவை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரும் அநியாயம். நல்ல நாளில் அவர் அதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

நேரம் காலை பத்து மணியை ஒட்டி இருக்கட்டும். பலருக்குத் தெளிவு அப்போதுதான் அதிகம்; மாலையில் கலங்கும். ஒரு உட்காரலுக்குப் பதினைந்து நிமிடம் போதும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு அடித் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி போல் பதியும். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீட்டுப் பதிவுகளைக் கெடுப்பது ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும்தான். பிறகு சுத்தம் செய்ய முயன்றால் குரலும் சேர்ந்து தேய்கிறது.

கேள்வி கேட்காதீர்கள். "இது எந்த வருஷம், யாரு கல்யாணம்?" என்பது பரீட்சை. தெரியாமல் போனால் அவர் சுருங்கிவிடுவார். அன்றைய பதிவு அதோடு முடிந்தது. பொருளைக் கையில் கொடுங்கள்: பழைய பித்தளைத் தூக்கு, கூறைப் புடவை, முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அரை நிமிட மௌனத்தை நாம் பொறுப்பதில்லை, அவருக்கு அந்த அரை நிமிடம் வேண்டும்.

சமையலைப் பதிவதற்கு ஒரு முறை சொல்கிறேன். "மிளகாய்ப் பொடிக்கு எவ்வளவு மல்லி?" என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். சமையல் தராசின் மேல் வெறும் பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்குங்கள். அவர் பாட்டுக்கு மல்லியை அள்ளிப் போடட்டும், எடையைக் குறியுங்கள். மறுபடி சுழியமாக்கி மிளகாய், மறுபடி துவரம்பருப்பு, மிளகு, வெந்தயம். சொல்ல முடியாத அளவை அவர் கை சொல்லிவிடும். கை பழகிய வேலைகள் பேச்சைவிட நெடுநாள் தங்குகின்றன. அதனால் பேச்சைப் பிடிக்கும்போதே கையையும் பிடியுங்கள். பூத் தொடுப்பது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது, முறுக்கு சுற்றுவது எல்லாவற்றையும் மேலிருந்து, விரல் தெரியும்படி எடுக்க வேண்டும். முகம் மட்டும் இருக்கும் வீடியோவிலிருந்து கைவேலை கற்க முடியாது.

பழைய புகைப்படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும்; மென்மையான பென்சிலால் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதினால் போதும். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: வருடம், மாதம், நாள், பிறகு பொருள். மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் குறையாது.

சேர்த்ததை அலமாரியில் பூட்டாமல் இரண்டு பொருளாக மாற்றுங்கள். முதலாவது, அவருடைய பத்து வயது முதல் இருபத்தைந்து வயது வரையிலான காலத்துப் பாட்டுகள், பன்னிரண்டு போதும். பள்ளிப் பிரார்த்தனை, பஜனைப் பாட்டு, நடவுப் பாட்டு என எதுவாகவும் இருக்கலாம். சொல் தொலைந்தவர்களும் ராகத்தோடு வரும் வரியை முழுதாகப் பாடுவது இந்த நோயில் அடிக்கடி காண்பது. இரண்டாவது, அம்மாவைப் பற்றி ஒரே ஒரு பக்கம். புதிதாக வரும் ஹோம் நர்ஸும் மருத்துவமனை வார்டும் படிப்பதற்காக. அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் (ஆதார் அட்டைப் பெயர் வேறு, பிறந்த வீட்டுப் பெயர் வேறு), காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், எதற்குப் பயப்படுவார், என்ன வேலை பார்த்தார், எந்தச் சாமி. பின்னாளில் கற்ற மொழி பலருக்கு முதலில் கழன்று, பிறந்த வீட்டுப் பேச்சு எஞ்சி நிற்கும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர் என்றால் அதையும் எழுதி, "வலிக்குதா", "தண்ணி வேணுமா", "பாத்ரூம்" என்ற மூன்றுக்கும் அந்த மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

குளியல்

வீட்டில் பெரிய போராட்டம் குளியலில்தான் நடக்கும். "பிடிவாதம்" என்பார்கள். ஒரு குளியலில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: துணி கழற்றுவது, வழுக்கும் தரையில் கால் வைப்பது, தண்ணீரின் சூட்டை அறிவது, சோப்பைத் தேடுவது, தலையில் தண்ணீர் விழும்போது மூச்சடக்குவது. இதில் ஒன்று அறுந்தாலும் முழுவதும் பயமாகிறது. அதோடு வெட்கம். பெற்ற மகனாக இருந்தாலும், முகம் அடையாளம் தெரியாத நாளில் அவன் துணி அவிழ்க்கும் அந்நிய ஆண்.

தண்ணீரை முதலில் இரண்டு வாளியில் விளாவிவையுங்கள். முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள். ஷவர் வேண்டாம், மேலிருந்து கொட்டுவது மிரட்டும். சாய்வுள்ள பிளாஸ்டிக் நாற்காலி, கீழே ரப்பர் பாய், சுவரில் பிடிகம்பி. துண்டுக் கம்பியைப் பிடிகம்பியாக நம்பாதீர்கள், பெயர்ந்துவிடும். ஆற்றிலும் கிணற்றடியிலும் குளித்து வளர்ந்தவருக்கு உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக் குளிப்பது பழக்கம், அப்படியே கட்டிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அதிலேயே அடங்கும். குவளையை அவர் கையில் கொடுத்து, முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, உடம்பு, கடைசியில் முகம். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளாக்குங்கள். அவர் முப்பது வருடம் போட்ட அதே சோப்பு. மணம் வேலை செய்யும். பட்டியலில் உள்ள ஒரு பாட்டைக் குளியலுக்கென்றே ஒதுக்கித் தினமும் அதையே போட்டால் சில வாரத்தில் அந்தப் பாட்டே அழைப்பாகிவிடும்.

"வா குளிக்க" என்று பத்துமுறை சொல்வதைவிட, "அம்மா, வென்னீர் வெச்சிருக்கேன், கால் கழுவிக்கலாம் வா" என்று ஒருமுறை. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து, முடிந்தால் வேறொருவர் போய்க் கூப்பிடட்டும். அன்றைக்கு முடியவே இல்லையா? வெந்நீரில் நனைத்த துண்டால் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம் துடைத்தால் போதும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற நம் வழக்கத்துக்காக அவரை அழவைக்க வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் நல்ல குளியல் தோலுக்குப் போதும்.

குளித்ததும் மார்பகத்தின் கீழும் தொடை இடுக்கிலும் ஈரம் ஒற்றிப் பாருங்கள், புண் அங்கேதான் தொடங்கும். மோதிரமும் மெட்டியும் விரல் வீங்குவதற்கு முன்பே கழற்றப்பட வேண்டும். தொங்கும் காதணி இழுபட்டால் காது அறுந்துவிடும்; சின்னத் தோடாக மாற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மறுப்பவருக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் கழுத்து வெறுமையாக இல்லை என்ற நிம்மதி அவருக்கு. தங்கம் எங்கேயோ போனதே என்ற சண்டையும், வேலைக்கு வரும் பெண்ணின் மேல் வீண்பழியும் இராது.

சாப்பாடும் அந்தியும்

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெரியாமல் போகலாம். வாழை இலை இதற்கு மிக நல்லது. பச்சையின் மேல் சோறு பளிச்சென்று தெரியும். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் மட்டும். கரண்டி மறந்தவருக்கு இட்லித் துண்டு, பிடிகொழுக்கட்டை, அவித்த சர்க்கரைவள்ளி கையில் கொடுங்கள்.

விழுங்குவதில் சிக்கல் வரும்போது பலர் எல்லாவற்றையும் தண்ணீராக்கித் தருகிறார்கள். தண்ணீர்தான் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் நுழையும். இருப்பதிலேயே கடினமானது ரசம் சாதம்: நீரும் பருக்கையும் தனித்தனி வேகத்தில் போகும். குழைத்த பருப்புச் சாதம், கட்டித் தயிர், கெட்டியான கேழ்வரகுக் கூழ் பாதுகாப்பானவை. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடை சற்றுக் கீழிறங்கி, சின்ன ஸ்பூனில், முன் வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்து அரைமணி நேரம் படுக்கக் கூடாது. சாப்பாட்டின்போது இருமல், குரலில் நீர் சேர்ந்தது போன்ற கொரகொரப்பு, காரணமில்லாக் காய்ச்சல் இருந்தால் பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரே மாதத்தில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் பலருக்கு அமைதி குலையும். இருட்டுவதற்கு முன்பே, ஐந்தரைக்கெல்லாம், எல்லா அறையிலும் விளக்கைப் போடுங்கள். நிழல்தான் ஆளாகத் தெரிகிறது. கண்ணாடியில் தெரியும் கிழவி யார் என்று பயந்தால் கண்ணாடிக்குத் துணி. கொலையும் கூச்சலுமான தொடர்களை நிறுத்துங்கள், அது நம் வீட்டுக்குள் நடப்பதாக எண்ணுவார். "வீட்டுக்குப் போகணும்" என்பார், சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. இதுதான் வீடு என்று நிரூபிக்கப் போனால் நமக்கும் அவருக்கும் இரவு பாழ். "சரிம்மா, போலாம். காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லி, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நீங்களே பேசத் தொடங்குங்கள். சேர்த்துவைத்த பதிவுகள் இங்கே வேலை செய்யும். திண்ணையும் முருங்கை மரமும் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

இளவயது நோயாளி நிறைய நடப்பார். காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நாமே அழைத்துப் போனால் தானாகக் கிளம்புவது குறையும். வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போடலாம்; ஆனால் வீட்டில் ஆள் இல்லாமல் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், தீப்பிடித்தால் என்ன ஆகும்? கை வளையத்திலும் உள்பாவாடை ஓரத்திலும் போன் எண். தினமும் காலையில் உடுத்திய உடையோடு ஒரு முழுப் படம் எடுத்துவிடுங்கள். காணாமல் போனால் காவலர் கேட்கும் முதல் கேள்வி என்ன நிறப் புடவை என்பதுதான். கால்மணி நேரம் மாடி, குளியலறை, பக்கத்து வீடு தேடுங்கள், கிடைக்காவிட்டால் உடனே 112. பழைய வேலையிடத்துக்குப் போகும் பேருந்து நிறுத்தத்தைத் தவற விடாதீர்கள்.

சமையலறையில் சிலிண்டர் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். ஃபினாயிலும் எலி மருந்தும் பூட்டுக்குள். நிறமுள்ள பாட்டில் சர்பத்தாகத் தெரியும்.

மருந்து

அல்சைமர் வகைக்குத் தரும் டோனெப்சில் பொதுவாக 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10 ஆகும். கெட்ட கனவு வந்தால் இரவு வேளையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது, மயக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள். தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பட்டையில் ஆபத்து, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவதுதான். ஒட்டும்போது அதன் மேலேயே தேதி எழுதுங்கள், இரண்டு வாரத்துக்கு அதே இடத்தில் ஒட்டாதீர்கள். மெமன்டைன் வாரம் 5 மில்லிகிராமாகக் கூட்டி 20 வரை போகும். எதுவும் நோயைத் திருப்பாது. ஃபிரண்டோடெம்போரல் வகைக்கு டோனெப்சில் உதவுவதில்லை, சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். அதனால்தான் எந்த வகை என்று அறிவது முக்கியம்.

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாக வாங்கும் குளோர்ஃபெனிரமைன் கலந்த மாத்திரைகள் குழப்பத்தை ஏற்றிவிடும். முரட்டுத்தனத்துக்குத் தரும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியாவில் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுகின்றன; குறைந்த அளவில், குறைந்த காலம், மறுபரிசீலனைத் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு. ஒரே நாளில், இரண்டே நாளில் நிலை மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, சொல்லத் தெரியாத பல்வலி ஆகியவற்றைத் தேட வேண்டும்.

பிள்ளைகள்

பதினாறு வயதுப் பெண் பிள்ளையின் தலையில் சமையலும் அம்மாவும் விழுவது நம் ஊரில் இயல்பாக நடந்துவிடுகிறது. வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். அம்மா அடித்தாலும் திட்டினாலும் அது நோய் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் மனதில் வேறொரு கேள்வி இருக்கும்: எனக்கும் வருமா? இளவயதில் வருபவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணு காரணமாக இருப்பதில்லை. அல்சைமர் வகையில், ஏ.பி.பி., பிரிசெனிலின் 1, பிரிசெனிலின் 2 ஆகிய மூன்று மரபணுக்களில் ஒன்றில் மாற்றம் இருக்கும் சில குடும்பங்களில் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. தலைமுறைதோறும் ஐம்பதை ஒட்டி வந்திருந்தால்தான் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். அதுவும் மரபணு ஆலோசனைக்குப் பிறகு, பதினெட்டு வயது முடிந்தவர்கள் தாமே விரும்பினால்.

பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது வேறு ஆள் வேண்டும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸும், 1992 முதல் இயங்கும் இந்திய அல்சைமர் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யின் கிளையும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை போகும் தூரத்தில் இருந்தால் வகையைப் பிரித்தறிய அங்கே ஒருமுறை காட்டலாம்.

கடைசிக் காலம்

படுக்கையானதும் மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா என்ற பேச்சு வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை; கையால் ஊட்டுவதையே மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. இரண்டு ஸ்பூன் போனாலும் போதும். பட்டினி போட்டுவிட்டோமே என்று பிள்ளைகள் பின்னாளில் புழுங்குவதைத் தடுக்க, இதை எல்லா உடன்பிறப்பும் சேர்ந்து மருத்துவரிடம் ஒரே நாளில் கேட்டு, அம்மா முன்பு எழுதிவைத்ததையும் எதிரில் வைத்து முடிவெடுங்கள்.

இறந்த பிறகு வரும் சங்கடம் ஒன்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோயுற்ற முகம்தான் கண்ணில் நிற்கும். அதற்கு முந்தைய அம்மா மங்கிப்போவார். முக்கியமாகக் கடைசிப் பிள்ளைக்கு நோய்க்கு முந்தைய அம்மாவையே அதிகம் தெரியாது. மாலை போடும் படத்துக்குக் கடைசி வருடத்துப் படத்தைப் பெரிதாக்காமல், நோய்க்கு முன் வேலையிடத்திலோ கல்யாண வீட்டிலோ சிரித்தபடி எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். சேர்த்த பதிவுகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பிரதி எடுத்துக் கொடுங்கள். கருமாதிக்கு அவருடைய பள்ளித் தோழிகளும் கூட வேலை பார்த்தவர்களும் வருவார்கள். அவர்களுக்கு முப்பது வயது அம்மாவைத் தெரியும். சாப்பாடு முடிந்ததும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஃபேனை நிறுத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டால் அவ்வளவு பேசமாட்டார்கள்.